ஹியூபேட்டுக்குப் பறக்கத் தெரியாது

குருத்தோலை ஞாயிறு. முதற்பூசை. உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அன்றைய கருத்துகளை வாசித்தார். இறந்த இருவருக்காக. ஒரு பிள்ளையின் பள்ளிச் சோதனைக்காக. பிறகு அதே குரலில்:

"ஹியூபேட் செய்த ஹெலிகொப்டர் பாதுகாப்பாகப் பறக்க வேண்டுமென்று அவருடைய மனைவி மெற்றில்டா ஒப்புக்கொடுக்கும் பூசை."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கு விளங்கியது. மைக்கில் அவருடைய மூச்சு கேட்டது.

போன திங்கட்கிழமை புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்காவில் குண்டு போட்டிருந்தன. கொழும்பு முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனைத் தமிழர் வானத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். யாராவது கண்டால் ஏன் பார்க்கிறாய் என்று கேட்கக்கூடும்.

கோயிலில் எல்லோர் கையிலும் குருத்தோலை இருந்தது. ஓலைகள் அசைவது நின்றுவிட்டது. ஹியூபேட் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவனுக்குத் தெரியும், பின்தூணோரம் ஒருவன் நிற்பான். சிலாபத்துக்காரன், கடற்படையில் இருப்பவன். சிங்களத்தில் படித்தவன், தமிழில் செபம் சொல்பவன். ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தூணோரம்தான் நிற்பான்.

மெற்றில்டாவின் கை ஹியூபேட்டின் சட்டையைப் பிடித்தது. பூசை முடியும்வரை விடவில்லை.

வெளியே வந்ததும் ஆட்கள் அவர்களைச் சுற்றி விலகி நடந்தார்கள். ஒஸ்வால்ட் மட்டும் கிட்ட வந்தான். அடுத்த ஒழுங்கைக்காரன், எதற்கும் பகிடி விடுபவன்.

"என்னடா ஹியூபேட், இண்டைக்கு ஆண்டவரே கழுதையிலதான் வந்தவர். உனக்கு ஹெலிகொப்டர் கேக்குதோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒஸ்வால்ட் வாசலில் நின்ற ஆமிக்காரர்களைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"வீட்ட போ. நேரா போ. ஒருத்தரோடயும் கதையாத."

நேராகப் போனார்கள்.

"நான் மறந்துபோனன்," என்றாள் மெற்றில்டா. "போன வருசம் கேட்டுவச்ச பூசை. சத்தியமா மறந்துபோனன்."

பெரிய ஞாயிறுகளின் பூசைகளை ஒரு வருடத்துக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும். அவள் கேட்டது போன சித்திரையில். அந்தக் கிழமைதான் ஹியூபேட் முதன்முறையாகத் தனியே பறந்திருந்தான். ஒரு வருடத்துக்குள் அவன் வீட்டில் செய்துகொண்டிருப்பதும் பறந்துவிடும், அதற்கு ஒரு பூசை இருக்கட்டும் என்று நினைத்தாள். விழுந்துவிடுவான் என்பதுதான் அப்போது அவளுடைய பயம்.

ஹியூபேட் துறைமுகத்தில் கிரேன் திருத்துபவன். சமாதானம் என்று சொல்லப்பட்ட வருடங்களில் ஹெலிகொப்டரைத் தொடங்கினான். எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்தான். வரைபடத்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தான். கட்டுவதற்கு அனுமதி கேட்டான். கிடைத்தது. அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து குழாய்ப் பொருத்துகளைத் தட்டிப் பார்த்தார். தேநீர் குடித்தார். கையெழுத்து வைத்தார். இது ஒற்றை இருக்கை, பழக்குபவர் பக்கத்தில் இருக்க முடியாது, ஆகவே முதலில் இரண்டு பேர் இருக்கும் ஹெலிகொப்டரில் பழகி முடிக்க வேண்டும், அதுவரை இதில் ஏறக்கூடாது என்றார். ஹியூபேட் ஏறவில்லை. இரத்மலானைக்குப் போனான்.

அங்கே கப்டன் எக்கநாயக்க இருந்தார். விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஹியூபேட்டைவிட இளையவர். முதல் வகுப்பில் மூக்கைத் திருப்பும் கால் பெடல்களை மட்டும் அவனிடம் கொடுத்தார். மற்றதெல்லாம் அவர் கையில். மூக்கு அந்தத் தென்னைக்கு நேரே இருக்கட்டும், உனக்கு வேறு வேலை இல்லை என்றார். பிறகு இடக்கைப் பக்கத்து நெம்புகோலைக் கொடுத்தார். உயர்த்தினால் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். கடைசியாக முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் தடி. ஹியூபேட் தடியைத் தொட்டதும் ஹெலிகொப்டர் ஒரு பக்கம் சரிந்தது. திருத்தினான். மறுபக்கம் சரிந்தது.

"காணும், கையை இளக்கு," என்றார் எக்கநாயக்க. "திருத்தாத. நினை. நினைச்சாலே காணும்."

கிட்ட நிலத்தைப் பார்க்காதே, தூரத்தைப் பார் என்பார். சொல்லாமல் என்ஜினைக் குறைப்பார். அப்போது நெம்புகோலை உடனே கீழே அழுத்த வேண்டும். பயந்த கை மேலே இழுக்கும். மேலே இழுத்தால் விசிறியின் சுழற்சி செத்துவிடும், பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஹியூபேட்டின் கை பல வாரங்கள் மேலேதான் இழுத்தது. ஒருநாள் கீழே போனது.

சித்திரையில் ஒரு காலை எக்கநாயக்க என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கினார். குனிந்து நடந்து போய்ப் புல்லில் நின்றார். விரலால் மேலே காட்டினார். ஹியூபேட் ஓராள் உயரம் எழும்பினான். அந்தரத்தில் நின்றான். காற்று வந்தது. அப்போதும் நின்றான். மெதுவாக இறக்கினான். எக்கநாயக்க வந்து கை கொடுத்தார். இதை அடுத்த வகுப்பில் பதிவேட்டில் பதிந்துகொள்வோம் என்றார்.

அடுத்த வகுப்பு நடக்கவில்லை. கொழும்பில் குண்டு வெடித்தது. பயிற்சிப் பறப்புகள் நிறுத்தப்பட்டன. அவன் தனியே பறந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு, எக்கநாயக்கவுக்கு, மெற்றில்டாவுக்கு.

வீட்டுக்குப் பின்னால் பழைய மரக்காலை ஒன்று இருந்தது. மரவியாபாரம் நின்ற பிறகு ஹியூபேட் அதை வாடகைக்கு எடுத்திருந்தான். உள்ளே அலுமினியக் குழாய்களால் ஒரு கூடு. ஒரு இருக்கை. இருக்கைக்குப் பின்னால் என்ஜின். நீண்ட வால். விசிறியின் இரண்டு தகடுகளும் படுக்கை விரிப்புகளில் சுற்றிச் சுவரோரம் தொங்கின. ஒவ்வொன்றும் கட்டிலைவிட நீளம்.

பொலிஸ் பதிவுக்கு வீட்டில் இருக்கும் ஆட்களின் விவரம் கேட்டிருந்தார்கள். கொடுத்திருந்தான். ஹெலிகொப்டரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"உடையுங்க," என்றாள் மெற்றில்டா.

"அனுமதி இருக்கு."

"ஆருக்குக் காட்டப் போறீங்க? அவங்கள் வாசிச்சுப்போட்டோ அடிக்கிறவங்கள்?"

"மெற்றில்டா."

"றஞ்சிதத்தின்ர மகனை என்னத்துக்குக் கொண்டுபோனவங்கள்? ரோச் பற்றரி கனக்க வாங்கினதுக்கு. பற்றரிக்கு! அந்தப் பெடியன் இன்னும் வரேல்ல. நீங்க ஹெலிகொப்டரை வச்சுக்கொண்டு அனுமதி இருக்கு எண்டுறீங்க."

"உடைச்சா எங்க கொண்டுபோய்ப் போடுறது? சந்திக்குச் சந்தி செக்பொயின்ற்."

அவள் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டதைத் தொட்டுப் பார்த்தாள்.

ஹியூபேட் கைத்தொலைபேசியை எடுத்தான். எக்கநாயக்க விமானப்படையில் இருந்தவர். சிங்களவர். அவர் ஒரு சொல் சொன்னால் கேட்பார்கள். அவர் வந்து பக்கத்தில் நின்றாலே போதும். ஹெலிகொப்டர் என்ற சொல்லைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டான்.

"சேர், நான் ஹியூபேட்," என்றான் சிங்களத்தில். "கொட்டாஞ்சேனை. அந்த மெஷின் விசயமா."

அங்கே எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. யாரோ ஒரு கதவைச் சாத்தினார்கள். சிரிப்பு நின்றது.

"பிழையான நம்பர்," என்றார் எக்கநாயக்க.

வைத்துவிட்டார்.

ஹியூபேட் திரையைப் பார்த்தான். சரியான நம்பர்தான். குரலும் அவருடையதுதான்.

"என்னவாம்?" என்றாள் மெற்றில்டா.

"கிடைக்கேல்ல."

சுவரிலிருந்து ஒரு தகட்டை இறக்கினான். விரிப்பை அவிழ்த்தான். இரண்டு தகடுகளும் ஒரே எடையாக இருக்க வேண்டும். சற்றுக் கூடினாலும் ஹெலிகொப்டர் நடுங்கியே உடைந்துவிடும். நூலில் தொங்கவிட்டு, நுனியில் பெயின்ற் பூசி, சுரண்டி, மறுபடி பூசி, ஒரு மழைக்காலம் முழுவதும் அவற்றைச் சமப்படுத்தியிருந்தான். தகட்டை மேசைமேல் வைத்து இரும்பறுக்கும் வாளை எடுத்தான்.

முதல் இழுப்பிலேயே அலுமினியம் கத்தியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மெற்றில்டா சமையலறைக்கு ஓடினாள். கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அதற்குள் ஒன்றும் இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு எதையோ போட்டாள். சத்தம் மாறியது. அந்தச் சத்தத்துக்குள் அவன் அறுத்தான். கிரைண்டர் சூடேறிப்போகும் என்று அவள் இடையிடையே நிறுத்துவாள். அவனும் நிறுத்துவான். இருவரும் ஒழுங்கையில் என்ன கேட்கிறது என்று பார்ப்பார்கள். மறுபடி தொடங்குவார்கள்.

தகடு பாதிகூட அறுபடவில்லை. கதவைத் தட்டினார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் ஒருவர். இரண்டு கொன்ஸ்டபிள்கள். அவர்களுக்குப் பின்னால், காலையில் பூசையில் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டையுடன், சிலாபத்துக்காரன். அவன் ஹியூபேட்டைப் பார்க்கவில்லை.

"மெஷின் எங்க?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். சிங்களத்தில், மரியாதையாக.

ஹியூபேட் காட்டினான். அனுமதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். சப் இன்ஸ்பெக்டர் நின்றபடியே வாசித்தார். திருப்பி முத்திரையைப் பார்த்தார். மெற்றில்டா பயந்தது நடக்கவில்லை. அவர் முழுவதையும் வாசித்தார். ஹியூபேட்டின் மூச்சு சற்று இறங்கியது.

பிறகு அவர் குனிந்து மேசைக்குக் கீழே கிடந்த அலுமினியத் தூளை விரலால் தொட்டார்.

"சட்டப்படி செஞ்சது எண்டா ஏன் வெட்டுறாய்?"

"பயத்தில, சேர்."

"ஆருக்குப் பயந்து?"

ஒரு கொன்ஸ்டபிள் தன் சப்பாத்தைப் பார்த்தான். அடுப்படியில் கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெற்றில்டா போய் நிறுத்தினாள்.

அந்த அமைதியில் சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"உனக்குப் பறக்கத் தெரியுமா?"

தெரியும் என்றால் அவன் விமானி. அந்த வாரம் கொழும்பில் தமிழ் விமானி என்றால் ஒரே பொருள்தான். தெரியாது என்றால், இரத்மலானைக்கு எதற்குப் போய்வந்தாய் என்பார்கள். மெஷினை வெட்டலாம். தெரிந்ததை எங்கே வைத்து வெட்டுவது?

"பழகினனான், சேர். முடிக்கேல்ல."

"ஆர் பழக்கினது?"

"கப்டன் எக்கநாயக்க."

"எயார்ஃபோர்ஸ்?"

"ஓய்வுபெற்றவர்."

"நம்பரைச் சொல்லு."

ஹியூபேட் சொன்னான். பாதியில் ஒரு இலக்கம் பிழைத்தது. திரும்பச் சொன்னான். அவர் இப்போதும் பிழையான நம்பர் என்றால், அப்படி ஒருவனைத் தெரியாது என்றால், கடிதமும் பொய்யாகிவிடும், அவனும் பொய்யாகிவிடுவான். சப் இன்ஸ்பெக்டர் தொலைபேசியை மேசைமேல், அறுத்த தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது.

"ஹலோ."

சப் இன்ஸ்பெக்டர் தன் பெயரையும் நிலையத்தையும் சொன்னார். "ஹியூபேட் எண்டு ஒருத்தனைத் தெரியுமா?"

மெற்றில்டாவின் உதடு அசைந்தது. செபம் சொல்கிறாள்.

"ஆ!" என்றார் எக்கநாயக்க. "அந்தக் கொட்டாஞ்சேனை மனுசனா? இன்னும் உயிரோட இருக்கிறானா?"

"நீங்க பழக்கினதா?"

"சல்லி குடுத்தான், பழக்கினன். குரங்குக்குப் பழக்கியிருந்தா இதுக்குள்ள லைசன்ஸ் எடுத்திருக்கும்."

கொன்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

"தனிய பறந்தவனா?"

"தனியவா? தனிய விட்டிருந்தா நான் இப்ப உங்கட கூட்டுக்குள்ள இருப்பன், தம்பி. தடியைப் பிடிச்சா பஸ்ஸில கம்பியைப் பிடிக்கிற மாதிரிப் பிடிப்பான். என்ஜினைக் குறைச்சா மாதாவைக் கூப்பிடுவான். எனக்கே பயமாக் கிடக்கும் அவனோட ஏற."

"இங்க ஒரு மெஷின் செஞ்சு வச்சிருக்கிறான்."

"தெரியும். நல்ல அலுமினியம். உருக்கினா சட்டி செய்யலாம்."

சப் இன்ஸ்பெக்டரும் சிரித்தார். எக்கநாயக்கவும் சிரித்தார். எக்கநாயக்க சிரித்து ஹியூபேட் ஒருநாளும் கேட்டதில்லை. சொற்கள் அவருக்கு வழக்கத்தைவிட வேகமாக வந்தன. தமிழன் ஒருவனுக்குப் பறக்கப் பழக்கியவர் அவர். அந்த வீட்டிலும் ஒரு கதவு சாத்தியிருக்கும், ஒருவர் செபம் சொல்லிக்கொண்டிருப்பார் என்று ஹியூபேட் நினைத்தான்.

சிலாபத்துக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. ஹியூபேட்டின் தோளுக்குக் கிட்ட வந்து தமிழில், மிக மெதுவாகச் சொன்னான்.

"நீங்களும் சிரிங்க."

ஹியூபேட் சிரித்தான்.

அதற்குப் பிறகு வேலை இலகுவாக நடந்தது. என்ஜினைக் கழற்றச் சொன்னார்கள். தகடுகள் ஜீப்புக்குள் போகாது, வெட்டு என்றார்கள். ஹியூபேட் வெட்டினான். கிரைண்டர் தேவைப்படவில்லை. ஒழுங்கை முழுவதும் கேட்டது. ஒரு தகட்டை முடித்து மற்றதை எடுத்தான். கொன்ஸ்டபிள் ஒருவன் நுனியைப் பிடித்துக் கொடுத்தான்.

"பார்க்கப் பாரமாத் தெரியுது, தூக்கினா ஒண்டுமில்ல," என்றான் அவன்.

"ஓம்," என்றான் ஹியூபேட்.

துண்டுகளையும் என்ஜினையும் ஏற்றிய பிறகு சப் இன்ஸ்பெக்டர் அனுமதிக் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். படலையடியில் நின்று திரும்பினார்.

"நாளைக்குக் காலையில ஸ்ரேசனுக்கு வா. மேலயிருந்து ஒரு பெரியவர் வருவார். கப்டன் சொன்னதையே அவருக்கும் சொல்லு." சற்று யோசித்தார். "அவர் எங்களை மாதிரி இல்ல. அவருக்குப் பகிடி விளங்காது."

ஜீப் போனது. ஒழுங்கையில் ஒரு சன்னலும் திறக்கவில்லை.

மெற்றில்டா சோறு போட்டாள். இருவரும் சாப்பிடவில்லை. சோற்றுக் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு அவள் ஒரு கதிரையை இழுத்து அவனுக்கு எதிரே போட்டாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"நான்தான் அந்தப் பெரியவர்."

"என்னது?"

"கேள்விக்குப் பதில் சொல்லும். பறக்கத் தெரியுமா?"

"தெரியாது, சேர்."

"உடன சொல்லுறீங்க. பாடமாக்கின மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் யோசிச்சு, வெக்கப்பட்டுச் சொல்லுங்க."

"தெரியாது, சேர்."

"தனிய பறந்தனீரோ?"

"இல்லை."

"கண்ணைக் கீழ போடாதேங்க. என்னைப் பாருங்க. தனிய பறந்தனீரோ?"

அவன் அவளைப் பார்த்தான். அன்று அவன் இரத்மலானையிலிருந்து கேக் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். உடுப்பு மாற்றாமல் இதே மேசையில் இருந்து, புல் எப்படித் தட்டையாகப் படுத்தது என்று அவளுக்குச் சொல்லியிருந்தான். இரண்டு தரம் சொல்லியிருந்தான்.

"இல்லை, சேர். விடேல்ல அவர். நான் சரிவரேல்ல."

"ஓம். அது நல்லம். அதைச் சொல்லுங்க." அவள் யோசித்தாள். உண்மையில் தெரிந்தவன் ஒருவன் கேட்கக்கூடியது என்ன என்று யோசித்தாள். "நீர் நிண்டுகொண்டிருக்கிறீர். மேல. வலப்பக்கத்தால காத்து அடிக்குது. என்ன செய்வீர்?"

"தெரியாது, சேர்."

அவள் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால்," என்றாள்.

அவனும் பார்த்தான். இடது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மெதுவாக, அளவாக. அவன் அறிந்து அழுத்தவில்லை.

"ஐயோ, இது என்ன கால்," என்றாள். "வாய் தெரியாதெண்டுது, கால் எல்லாம் தெரியுமெண்டுது. அவங்கள் காலைப் பாக்கமாட்டாங்களே?"

"அங்க மேசை இருக்கும்."

"இல்லாட்டி?"

அவன் கால்களைக் கதிரைக்குக் கீழே பின்னிக்கொண்டான். அப்படி இருந்தால் எதையோ ஒளிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நீட்டினான். திமிர் மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியில் இரண்டு பாதங்களையும் தரையில் சேர்த்து வைத்தான். பூசையில் இருப்பதுபோல.

"வலப்பக்கத்தால காத்து அடிக்குது."

"தெரியாது, சேர்."

"இடப்பக்கத்தால."

"தெரியாது."

"பறக்கத் தெரியுமா?"

"தெரியாது."

கால் அசையவில்லை. மெற்றில்டா அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் அதில் எங்கே இருக்கிறதென்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணில் தேடினாள், வாயோரத்தில் தேடினாள்.

"இன்னொருக்கா," என்றாள்.